சம்பந்திக்குக் கலக்கிய காரச்சாறு

சமைக்கும்போது நான் ருசி பார்ப்பதில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். குழம்பு கொதிக்கிற வாசனையிலேயே உப்பு போதுமா போதாதா என்று எனக்குத் தெரிந்துவிடும். சாமைச் சோறு வெந்துவிட்டதா என்பதைக் கரண்டி இழுபடுகிற விதத்திலேயே சொல்வேன். கரண்டியை உள்ளங்கையில் தட்டி நக்கிப் பார்க்கிற பெண்களைக் கண்டால் எனக்கு உள்ளுக்குள் ஓர் இளக்காரம் உண்டு. கை பழகாதவர்களுக்குத்தான் நாக்கின் துணை வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கர்வத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நல்ல அடி விழுந்தது. விழுந்தும் கர்வம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. அது எப்படி என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஜவ்வாது மலைக்காரர்கள். சாமையும் புளியும் கொஞ்சம் பழமரங்களும்தான் எங்கள் பிழைப்பு. என் மருமகள் மலைக்குக் கீழே ஆலங்காயத்துப் பெண். சின்ன வயதிலேயே தாயை இழந்து அப்பாவிடம் வளர்ந்தவள். அப்பா அங்கே பழ மண்டி வைத்திருப்பவர். சீதாப்பழக் காலத்தில் மலையிலிருந்து கூடை கூடையாக இறங்குவதெல்லாம் அவரைப் போன்ற மண்டிக்காரர்களிடம்தான் போகும். ஜீப்பில் கூடை ஏற்றிக்கொண்டு போன என் மகன், இறக்கி வைத்துவிட்டு வராமல் அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டு நின்றிருக்கிறான். அப்புறம் நடந்தது ஊரறிந்த விஷயம்.

பெண்ணின் அப்பாவுக்கு இந்தக் கல்யாணத்தில் துளியும் விருப்பமில்லை. மலைமேல் பஸ் சரியாக வராது, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி கிடையாது என்றெல்லாம் காரணம் சொன்னார். அவர் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்றும் இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மகள் பிடிவாதத்துக்காகத் தாலி கட்டுகிறவரை நின்றுவிட்டு, பந்தியில் உட்காராமல் மலை இறங்கிப் போனார். அதற்கப்புறம் இரண்டு வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போனில் மட்டும் மகளோடு பேசுவார். என் மருமகள் அந்த போனை எடுத்துக்கொண்டு பலாமரத்தடிக்குப் போவாள். திரும்பி வரும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள்.

இந்த வருஷம் மாங்காய் பழுக்கத் தொடங்கிய சமயத்தில், பக்கத்து ஊரில் புளி விலை பார்க்க வருவதாக அவர் மகளிடம் போனில் சொன்னார். இவள் விடவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போவாயா என்று அழுதாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அவர் சொன்ன பதில் எனக்கும் கேட்டது.

"வர்றேம்மா. வெள்ளிக்கெழம வர்றேன். ஆனா அந்த வூட்ல கை நனைக்க மாட்டேன். தண்ணி கூட வாணாம். இப்பவே சொல்லிட்டேன்."

அன்று மாலை முழுக்க அவள் சுத்தியலால் புளி தட்டிக்கொண்டிருந்தாள். கொட்டையோடு கீழேயிருந்த கல்லையும் உடைத்துவிடுவாள் போலிருந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பெண்ணைப் பெற்றவருக்குக் கோபம் இருக்கலாம், அதை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் என் வாசலுக்கு வந்த மனுஷர் நாக்கு வறள எழுந்து போவதா? யூரியா மூட்டை இறக்க வருகிறவன்கூட என் கையால் மோர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போவான். கோபம் ஆறின பிறகு பயம் வந்தது. இந்தத் தடவை வெறும் வாயோடு போய்விட்டால், மறுபடி வருவதற்கு அவருக்கே கூச்சமாகிவிடும். இந்தப் பெண்ணுக்குத் தாய் வீடு என்று இருப்பது அந்த ஒரு மனுஷர்தான். அவர் எப்படியாவது ஒரு வாய் குடித்துவிட்டுப் போக வேண்டும் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

"உங்க அப்பாருக்கு இன்னா புடிக்கும், சொல்லு," என்றேன்.

"பழத்துல காரம் போட்டுக் குடுத்தா உசுரயே உடுவாரு அத்தை. மண்டியில கொய்யாவ அறுத்து, மொளகாத்தூளு உப்பு தடவித்தான் துன்னுவாரு."

அப்படிச் சொல்லிவிட்டு போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்துக் காட்டினாள். பெரிய ஓட்டல் மாதிரி ஓர் இடம். ஒருத்தி நாலைந்து பழங்களை நசுக்கி, பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு, கண்ணாடி டம்ளரின் விளிம்பில் உப்பையும் மிளகாய்த் தூளையும் தடவி ஊற்றிக் கொடுத்தாள். ஸ்பைசி ஃப்ரூட் காக்டெயில் என்று பெயர். கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"காக்டெயிலா? ஏண்டி, சம்பந்தி மொத மொதல்ல வூட்டுக்கு வர்றாரு, அவருக்குச் சரக்கா ஊத்தப் போற?"

"இதுல சரக்கு கெடையாது மாமா, வெறும் பழம்," என்று மருமகள் சிரித்தாள். இரண்டு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான். அந்தச் சிரிப்புக்காகவே இதைச் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வீடியோவில் இருந்த பழங்களில் பாதிக்கு எனக்குப் பெயரே தெரியாது. அதனால் என்ன, எங்கள் நிலத்தில் இல்லாததா? மரத்தில் கடைசிக் கொய்யா நாலைந்து தொங்கியது. இந்த வருஷத்துப் புளி இன்னும் கறுக்காமல் சிவப்பாகவே இருந்தது. எலுமிச்சை, இஞ்சி, புதினா எல்லாம் கொல்லையிலேயே உண்டு. என் வீட்டுக்காரர் போன மாதம் பாறையிலிருந்து இறக்கிய தேன் ஒரு பாட்டிலில் இருந்தது. காரத்துக்கு ஊசி மிளகாய். நகத்தளவுதான் இருக்கும், வானத்தைப் பார்த்துக் காய்க்கும், கடித்தவன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

நாலு நாள் ஒத்திகை பார்த்தோம். முதல் நாள் மருமகள் மிக்சியில் அடித்தாள். கொய்யா விதை அரைபட்டு நறநறத்தது, நுரை வேறு பொங்கியது. மறுநாள் நான் கையாலேயே பிசைந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். மிளகாயை அரைத்தால் காரம் தொண்டையைப் பிடிக்கிறது என்று, இஞ்சியோடு சேர்த்துக் கல்லில் ஒரு தட்டு மட்டும் தட்டிப் புளிக்கரைசலில் ஊறவிட்டேன். ஏழு மிளகாய் சரியாக வந்தது. இதையெல்லாம் குடித்துப் பார்த்துச் சொன்னது மருமகளும் என் வீட்டுக்காரரும்தான். நான் வழக்கம்போல் ஒரு சொட்டுகூட வாயில் வைக்கவில்லை. நாலாம் நாள் குடித்துவிட்டு அவள் டம்ளரைக் கீழே வைக்காமல் யோசித்தாள்.

"நல்லாத்தான் கீது அத்தை. ஆனா சதை இல்ல. மாம்பழம் சேந்தா எங்கியோ போயிடும்."

அவள் சொன்னது சரிதான். கிணற்றடி மரத்தில் மாம்பழம் இருந்தது. ஆனால் அதில் ஒரு சிக்கல். எங்கள் ஊரில் அந்த வருஷத்து முதல் பழத்தை அம்மனுக்கு வைக்காமல் யாரும் வாயில் வைக்க மாட்டோம். அணில் கடித்துப் போட்டதைக்கூடக் குழந்தைகள் தொட மாட்டார்கள். அம்மனுக்கு வைப்பதற்காகச் செய்வதை ருசி பார்க்கக் கூடாது, மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்க்கக் கூடாது. சரி, வெள்ளிக்கிழமை காலையிலேயே புதுப்பழத்தைப் போட்டுச் சாற்றைக் கலந்து, ஒரு டம்ளர் அம்மனுக்கு வைத்துவிட்டு, மீதியை அவருக்குக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு பழம் பறித்தேன். நன்றாகக் கனியாத செங்காயாகப் பார்த்து ஆறு எடுத்தேன். மிளகாய்க்குப் போனால், துணி துவைக்கிற கல்லோரம் இருந்த செடி மொட்டையாக நின்றது. நாலு நாள் ஒத்திகையில் அதிலிருந்ததை எல்லாம் பறித்துத் தீர்த்திருந்தோம். மேட்டு நிலத்து வரப்பில் இன்னொரு செடி உண்டு. தண்ணீரே காணாமல் வெயிலில் காய்ந்து கிடக்கும். அதிலிருந்து ஏழு மிளகாய் கிள்ளி வந்தேன். ஏழு என்றால் ஏழுதானே என்று நினைத்தேன். துவைக்கிற தண்ணீர் குடித்து வளர்ந்த மிளகாயும் வறட்சியில் காய்த்த மிளகாயும் ஒன்றல்ல என்று, மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் காலை நேரத்தில் உறைக்கவில்லை.

சாறு பார்வைக்கு அவ்வளவு அழகாக வந்திருந்தது. புளியின் சிவப்பும் மாம்பழத்து மஞ்சளும் கலந்து, மேலே புதினா மிதந்தது. ஊர்க்கோடி வேப்பமரத்தடி அம்மனுக்கு வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு வந்தோம். வரும் வழியில் மருமகள் மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை, அதான் படைச்சாச்சே. இப்ப ஒரு சொட்டு நாக்குல வெச்சிப் பாத்துடலாமா?"

கேட்டது நியாயம். படைத்த பிறகு ருசி பார்க்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் நான் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள். "என் கைக்கு அதெல்லாம் வாணாம்," என்றேன். சாமி பேரைச் சொல்லி ஆரம்பித்தது, கடைசியில் என் திமிராக நின்றது. இதை மறைப்பதில் பிரயோஜனமில்லை.

சம்பந்தி பத்து மணிக்கு மேல் வந்தார். கையில் மகளுக்கு ஒரு பை ஆப்பிளும் ஆரஞ்சும். "உள்ள வாங்க அண்ணா," என்று கூப்பிட்டேன். மகனுக்குப் பெண் கொடுத்தவர் எனக்கு அண்ணன் முறை. அவர் என்னை எந்த முறையும் வைத்துக் கூப்பிடவில்லை. "இருக்கட்டும், இங்கியே காத்து நல்லா வருது," என்று பலாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். என் வீட்டுக்காரர் மழையைப் பற்றிப் பேசினார். என் மகன் மாமனார் எதிரே நிற்கப் பயந்துகொண்டு, சுத்தமாக இருந்த ஜீப்பை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான். அவர் கண் மட்டும் வாசலில் கூடையில் மிஞ்சியிருந்த மாம்பழத்தின் மேலேயே போய்ப் போய் வந்தது. தொழில் புத்தி எங்கே போகும்?

"இது இன்னா, ஒட்டு மரமா?"

"கொட்ட போட்டு வந்த மரம்தாங்க அண்ணா. நான் இந்த வூட்டுக்கு வந்த வருசம் நானே போட்டது," என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

மருமகள் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் உள்ளங்கையைக் காட்டித் தடுத்தார்.

"வாணாம்மா. போன்லயே சொன்னேன் இல்ல?"

நான் முன்னால் போய் அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"அம்மனுக்குப் படைச்சதுங்க அண்ணா. இந்த வருசத்து மொதப் பழம்."

சாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். மடக்கிவிட்டாள் என்று நினைத்திருப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று, வலது கையைக் குழித்து நீட்டினார். அந்தக் கையில் நான் கொஞ்சம் ஊற்றினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரே உறிஞ்சாக உறிஞ்சினார். கோயில் தீர்த்தம் வாங்குவது போலத்தான் வாங்கினார். அது என் வீட்டில் குடித்ததாக ஆகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அதில் திருப்தி இல்லை.

ஆனால் அதையெல்லாம் நினைக்க நேரமில்லாமல் போயிற்று. அவர் முகம் மெல்லச் சிவந்தது. கண் இரண்டும் கலங்கின. இருமல் பிடித்துக்கொண்டது. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்ட, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். "அப்பா!" என்று மருமகள் கத்தினாள். என் வீட்டுக்காரர் உள்ளே ஓடிச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அந்த நிலையிலும் மனுஷர் தலையை ஆட்டி, தண்ணீர் வேண்டாம் என்று கையை விசிறினார். சொன்ன சொல்லை விட மாட்டேன் என்கிறார். எனக்குச் சரியான சம்பந்திதான் வாய்த்திருக்கிறார் என்று அப்போது தோன்றியது.

மருமகள் என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. டம்ளரில் மீதியிருந்ததை எடுத்து, எல்லாருக்கும் முன்னால், என் வாயில் ஊற்றிக்கொண்டேன்.

நெருப்பு. காது வழியாகப் புகை வரும்போலிருந்தது. கொஞ்சம் பொறுத்தபின், அந்த நெருப்புக்கு அடியில் என் மாம்பழம் இருந்தது. கொய்யா இருந்தது. புளிப்பு இருந்தது. தேன் போதவில்லை, உப்பு பின்தங்கியிருந்தது. எல்லாம் நல்ல சாமான், நான்தான் கெடுத்திருந்தேன்.

"என் தப்புங்க அண்ணா," என்றேன். "ருசி பாக்காம குடுத்துட்டேன். வரப்பு மொளகா. எனக்குப் புத்தியில்ல."

முப்பது வருஷத்துக்கு மேலாக என்னோடு குடித்தனம் செய்கிற என் வீட்டுக்காரர், என் வாயிலிருந்து தப்பு என்ற சொல்லை அன்றுதான் கேட்டிருப்பார். சொம்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

நான் உள்ளே போய்ப் பானையையும் தேன் பாட்டிலையும் உப்பு மரக்கிண்ணத்தையும் மிளகாய் படாத புளிக்கரைசலையும் வாசலுக்கே தூக்கிக்கொண்டு வந்தேன். அவருக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்து, ஊறிக்கொண்டிருந்த மிளகாயையெல்லாம் வடித்து ஓரமாக ஒதுக்கினேன். முக்கால்வாசிச் சாற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, புளிக்கரைசலை ஊற்றிவிட்டு, கூடையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்தேன்.

"அது வாணாம்."

குரல் கரகரத்தது. கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டே அவர்தான் சொன்னார்.

"அது வெம்புன பழம். மேல கலரு காட்டும், உள்ள சப்புனு கெடக்கும். அந்தாண்ட கீது பாருங்க, காம்போரம் பச்சையா, அத எடுங்க."

எடுத்தேன். அறுத்தால் உள்ளே ஆழ்ந்த மஞ்சள். பிசைந்து சேர்த்தேன். ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தேன். தேன் விட்டேன். மறுபடி நாக்கில் வைத்தேன். எலுமிச்சையை அறுக்கப் போனதும் அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எலுமிச்ச எதுக்கு? புளியே போதும். புதுப்புளி தானே?"

"இந்த வருசத்துதுங்க அண்ணா."

"அப்ப அது போதும். உப்பு இன்னும் ரெண்டு கல்லு போடுங்க."

போட்டேன். கலக்கினேன். இந்தத் தடவை நான் ருசி பார்க்கவில்லை. கரண்டியை அவரிடம் நீட்டினேன். வேண்டுமென்றே செய்யவில்லை, கை தானாக நீண்டுவிட்டது. அவரும் யோசிக்காமல் வாங்கி உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டார். மண்டியில் தினமும் நூறு பழத்தைக் கீறி ருசி பார்க்கிறவர், பழக்கதோஷம். நக்கின பிறகுதான் தாம் செய்தது அவருக்கே புரிந்தது. கரண்டியைப் பிடித்தபடி மகளைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

"மொளகா ஒண்ணே ஒண்ணு திரும்பப் போடுங்க," என்றார். "காரமே இல்லன்னா அப்புறம் இன்னாத்துக்கு?"

ஒன்றே ஒன்று போட்டேன். கொஞ்ச நேரம் ஊறட்டும் என்று எல்லாருமே பானையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மகன்கூட ஜீப்பை விட்டு வந்து தூணோரம் நின்றான். பிறகு மருமகள் டம்ளரில் ஊற்றி நீட்டினாள். இந்த முறை அவர் உள்ளங்கையைக் குழிக்கவில்லை. டம்ளராகவே வாங்கி, நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். முதலில் இனிப்பு வரும், நடுவில் புளிப்பு, விழுங்கின பிறகு கடைசியாகக் காரம் மெல்ல எழும்பும். அது ஒவ்வொன்றும் அவர் முகத்தில் வந்து போனதை நான் பார்த்தேன். என் மண்ணில் விளைந்ததும் என் கை பிசைந்ததும் ஒரு பழ வியாபாரியின் முகத்தில் அப்படி ஏறி இறங்குவதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. இதைப் பெருமை என்றால் பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

காலி டம்ளரை அவரே மகளிடம் மறுபடி நீட்டினார். இரண்டாவதையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கிணற்றடி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மொச்சைக்கொட்டைக் குழம்பின் வாசனை வந்துகொண்டிருந்தது. அவர் சாப்பிட மாட்டார் என்று தெரிந்தும், மருமகள் விடியற்காலையிலேயே எழுந்து வைத்த குழம்பு அது. இன்றைக்கு மட்டும் அதில் உப்பு சரியாக இருக்கிறதா என்று நானும் ருசி பார்த்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

அவர் எழுந்தார். புறப்படுகிறார் என்று நினைத்து நானும் எழுந்தேன். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"கை கழுவ எங்க தண்ணி வெச்சிருக்கீங்க, தங்கச்சி?"

மருமகள் வாழை இலை அறுக்கக் கொல்லைக்கு ஓடினாள். என் வீட்டுக்காரர் அந்தச் சொம்போடு இன்னும் நின்ற இடத்திலேயேதான் நின்றிருந்தார். சம்பந்தி கையை நீட்டினார், இவர் ஊற்றினார்.